தோல் கிழியாத காயம்

சென்ற மாதம் கோலசிலாங்கூரில் பயிற்சித் தாதியர் சிலர் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்த ஓர் இளைஞரின் இடுப்புப் படத்தைத் திரையில் காட்டினார்கள். தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு குளம் போல நீர் தேங்கி நின்றது. வெளியே ஒரு கீறல்கூட இல்லையாம். ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "ஆன்ட்டி, உங்க காலத்துல ஸ்கேன் இல்லலா, அப்புறம் எப்படி கண்டுபிடிச்சீங்க?"

"விரலாலும் ஒரு துண்டு பஞ்சாலும்" என்றேன். சிரித்தார்கள். நேரமும் முடிந்துவிட்டது. அவளுக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

கனமான சக்கரம் ஒன்று தொடைமேல் ஏறி இறங்கினால் எலும்பு முறியும், அல்லது தோல் உரிந்து சதை வெளியே தெரியும். அப்படி உரிந்ததைக் கண்டால் யாரும் ஓடி வருவார்கள். மோசமானது வேறொன்று. நம் தோல் கெட்டியானது; இழுத்தாலும் சில நேரம் கிழியாது. அதற்கு அடியிலிருக்கும் கொழுப்பு மட்டும் தசையிலிருந்து பிய்ந்து வந்துவிடும். சின்னச் சின்ன இரத்தக் குழாய்கள் அறுந்து, இரத்தமும் நிணநீரும் அந்த இடைவெளியில் ஊறும். பழுத்த புளியம்பழமும் ஓடும் போல, ஒட்டியிருப்பதாகத் தெரியும், ஒட்டியிருக்காது. வெளியே பார்த்தால் கன்றிப்போன இடம், அவ்வளவுதான். எண்ணெய் போட்டு நீவி, வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

நான் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ரப்பர் ஆலையில் தகடுகளை உலர்த்தும் புகைக்கூண்டைப் பார்த்துக்கொண்டார். கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தேன். ஜப்பான்காரன் வந்ததும் படிப்பு நின்றது. போர் முடிந்தபின் கோலாலம்பூரில் தாதிப் பயிற்சி. முடித்து வெளியே வந்தபோது மலாயாவில் அவசரகாலம்; காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு போரிட்டுக்கொண்டிருந்தது. ஈஜோக் பக்கத்தில் சில தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, ஆண்களுக்கு ஒரு வார்டு, பெண்களுக்கு ஒரு வார்டு. சுற்றிலும் முள்கம்பி. வாசலில் துப்பாக்கியோடு காவலர்கள் நின்று, உள்ளே வரும் பஞ்சு மூட்டையைக்கூடக் குத்திப் பார்ப்பார்கள். மருந்து காட்டுக்குள் போய்விடுமோ என்ற பயம். பென்சிலின் காலிக் குப்பிகளைக்கூட நாங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் டாக்டர் சிவகுருநாதன் யாழ்ப்பாணத்துக்காரர். ரவாங்கில் குடியிருந்தார். வாரத்தில் இரண்டு முறை, முன்னால் ஒரு காவல் வண்டி வர, தன் பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். குட்டையான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வார்டுக்குள் நுழைந்ததும் நோயாளியைத் தொட மாட்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்று சும்மா பார்ப்பார். அந்த மௌனம் புதிதாக வந்தவர்களுக்குப் பயமாக இருக்கும். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் பக்கத்தில் வருவார்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அஞ்சலை என்ற பெண்ணை இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்து அழைத்துவந்தது ஒரு மழை நாளில். தோட்டத்தின் தூரத்துப் பிரிவுகளில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைக் காலி செய்து, எல்லாக் குடும்பங்களையும் முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்துகொண்டிருந்த நேரம் அது. அஞ்சலையின் வீட்டில் ஆண் துணை இல்லை. கணவர் மாரிமுத்து பல மாதங்களாகத் தடுப்புக்காவலில் இருந்தார். காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. கொடுத்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அஞ்சலை தன் ஆறு வயது மகளைத் தூக்கி லோரியில் உட்காரவைத்துவிட்டு, அம்மிக்கல்லை ஏற்றப் போயிருக்கிறார். லோரி பின்னால் நகர்ந்தது. வழுக்கி விழுந்தவரின் வலது தொடைமேல் சக்கரம் ஏறி இறங்கிவிட்டது. அடியில் மழையில் ஊறிய சேறு. தொடை சேற்றுக்குள் அமுங்கியதால் எலும்பு தப்பியது. எழுந்து நின்றாராம். "ஒண்ணுமில்ல" என்று சொல்லி அம்மிக்கல்லையும் ஏற்றினாராம்.

புது லயத்தில் பெண்கள் எண்ணெய் காய்ச்சி நீவிவிட்டிருக்கிறார்கள். நீவ நீவ வீங்கியது. நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

அன்று டாக்டர் வரும் நாள். திரையை இழுத்துவிட்டு அஞ்சலையைப் படுக்கவைத்தேன். இடுப்பின் வெளிப்பக்கத்திலிருந்து முழங்காலுக்குச் சற்று மேல்வரை நீலமும் கறுப்புமாகக் கன்றியிருந்தது. அதன் நடுவே டயரின் வரிகள் மங்கலாகப் பதிந்திருந்தன. டாக்டர் வழக்கம்போல் கால்மாட்டில் நின்று பார்த்தார். கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"தங்கச்சி, எந்த இடம் நோகேல்லை எண்டு சொல்லுங்கோ."

அஞ்சலைக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"எந்த இடத்துல வலி இல்லைன்னு கேக்குறார்" என்றேன்.

அஞ்சலை தன் தொடையின் நடுப்பகுதியைத் தொட்டார். வீக்கம் அதிகமாக இருந்த இடமே அதுதான். "இங்கதான் மிஸ்ஸி ஒண்ணுமே தெரியல. மரத்துப்போன மாதிரி இருக்கு. சுத்திதான் வலிக்குது."

டாக்டர் என்னிடம் ஒரு துண்டு பஞ்சு கேட்டார். அதை நூல்போலத் திரித்து, அஞ்சலையைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தோலைத் தொட்டுத் தொட்டு வந்தார். உணர்ச்சி எங்கே நின்றதோ அங்கே மையால் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தபோது பப்பாளிப் பழம் அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. பிறகு என் கையைப் பிடித்து வீக்கத்தின் ஒரு பக்கத்தில் வைத்தார். எதிர்ப்பக்கத்தைத் தன் விரலால் சுண்டினார். என் உள்ளங்கையில் அலை வந்து மோதியது. கடைசியாக விரல் நுனிகளால் தோலை மேலும் கீழும் நகர்த்தினார். மேசைமேல் விரித்த துணி நகர்வதுபோல அது தனியாக நகர்ந்தது.

"மேரி, இது கன்றல் இல்லை. தோல் உள்ளுக்குக் கழண்டு போச்சு."

இடுப்பெலும்பை இரு பக்கமும் அழுத்திப் பார்த்தார். பாதத்தில் நாடி பார்த்தார். சிறுநீரில் இரத்தம் இருக்கிறதா என்று கேட்டார். எக்ஸ்ரே எங்களிடம் இல்லை. அவருடைய கைகள்தான் இருந்தன.

பிற்காலத்தில் எத்தனையோ முறை டாக்டரின் அந்த முதல் கேள்வியை நான் கடன் வாங்கியிருக்கிறேன். ஒருமுறை செகிஞ்சான் பக்கம் நெல் வயலில் டிராக்டருக்கு அடியில் அகப்பட்ட ஒரு சீனரை வீட்டுக்கு அனுப்ப எழுதிவிட்டார்கள். அவர் முதுகைக் காட்டி, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் "எங்கே வலிக்கவில்லை?" என்று கேட்டேன். அவர் தொட்ட இடத்தைப் பார்த்ததும் இளம் டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டேன். அவரும் தொட்டுப் பார்த்துவிட்டு, கையிலிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டார்.

அஞ்சலைக்கு முதல் வைத்தியம் எளிமையானது. வீக்கத்தின் ஓரத்தில், நல்ல தோல் இருக்கும் இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியைச் செலுத்தி நீரை இழுத்தார் டாக்டர். காப்பி நிறத்தில், மேலே கொழுப்புத் துளிகள் மிதக்க, கிண்ணம் நிறைய வந்தது. அது உறையவில்லை. பிறகு பாதத்திலிருந்து இடுப்புவரை பஞ்சு அடுக்கி, நெகிழும் துணியால் இறுக்கக் கட்டினோம். தளர்ந்தால் இடைவெளியில் மறுபடி நீர் ஊறும். மிகவும் இறுகினால் பாதம் நீலம் பாரிக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இறுக்கம் உண்டு. அது கைக்குத்தான் தெரியும்.

"ஒட்டவேண்டியது ஒட்டும்வரைக்கும் இந்தக் கட்டு அசையக் கூடாது" என்றார் டாக்டர்.

அந்த வாரமே தோட்டத்து அலுவலகத்தின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி வந்தார். மாரிமுத்துவை இந்தியாவுக்கு அனுப்ப உத்தரவாகியிருந்தது. மனைவியும் பிள்ளையும் கூடவே போக இடம் கொடுத்திருந்தார்கள். இந்தப் பெண் கப்பல் ஏற முடியுமா என்று அதிகாரிகள் கேட்டனுப்பியிருந்தார்கள்.

"இப்ப ஏலாது" என்றார் டாக்டர்.

அந்தக் கப்பல் அவர்கள் இல்லாமல் போயிற்று. மாரிமுத்துவை அடுத்த கப்பல்வரை முகாமிலேயே வைத்திருப்பதாகச் சொன்னார்கள். திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த அஞ்சலை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

இரண்டாவது முறை ஊசி போட்டபோது பாதி நீர்தான் இருந்தது. டாக்டருக்குத் திருப்தி. மூன்றாவது முறை வந்து கட்டைப் பிரித்தார். வீக்கம் முதல் நாளைவிடப் பெரிதாக இருந்தது. மறுபடி நீரை இழுத்தார், மறுபடி கட்டினார். போகும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "இது நடக்கக் கூடாதது, மேரி. ஏனெண்டு பாரும்."

நான் கட்டு முடிக்கும்போது ஊக்கின் தலை இடுப்பைப் பார்க்கும்படி குத்துவது வழக்கம். மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த வேளையில் வார்டுக்குள் போனேன். அஞ்சலையின் போர்வையைச் சரிசெய்தபோது ஊக்கு தலைகீழாக இருந்தது. கட்டைத் தொட்டேன். கை உள்ளே நுழையும் அளவுக்குத் தளர்ந்திருந்தது.

"நீங்களா அவுத்தீங்க?"

அஞ்சலை என்னை நேராகப் பார்த்தார்.

"நா நல்லாயிட்டா கப்பல்ல ஏத்திருவாங்க மிஸ்ஸி."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்த ஊர்ல எனக்கு யாரத் தெரியும்? அவரு சேலத்துப் பக்கம்னு சொல்லுவாரு, கைக்கொழந்தையா வந்தவரு, அவருக்கே ஒண்ணும் தெரியாது. நா இந்த லயத்துல பொறந்தவ. எங்க அம்மா அப்பாவப் பொதச்சது இங்க. இந்தக் காலு ஆறாத வரைக்கும் அவர அனுப்ப மாட்டாங்கல்ல? அதுக்குள்ள மனசு மாறி உட்டாலும் உடுவாங்க. ஒரு காலுதான, போனாப் போவுது."

"கால் மட்டும் போகாது. சீழ் பிடிச்சா உயிரே போயிடும்."

"போவட்டும்."

"நான் டாக்டர்கிட்ட சொல்லியாகணும்."

"சொல்லிக்குங்க." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கட்டை மறுபடி இறுக்கிக் கட்டினேன்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என் அப்பா அம்மாவின் கல்லறையும் இந்த மண்ணில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். ஆனால் மறுநாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மை வட்டத்தின் நடுவே தோல் சாம்பல் நிறமாகியிருந்தது. ரவாங்குக்குத் தொலைபேசியில் சொல்லச் சொன்னேன். அது டாக்டர் வரும் நாள் அல்ல. இருந்தும் காவல் வண்டிக்குக் காத்திராமல் தனியாகவே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அஞ்சலையின் கட்டிலருகே உட்கார்ந்தார். நோயாளியின் பக்கத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"சயாமில ஜப்பான்காரன் ரயில் பாதை போட்ட காலத்தில என்னையும் கொண்டு போனவங்கள். உங்களைப் போலத் தோட்டத்துச் சனம்தான் அங்க வேலை செய்தது. மரக்கட்டை உருண்டு தொடையில ஏறும். தோல் கிழியாது. உள்ளுக்கு இதுதான். என்னட்டப் பஞ்சும் இல்லை, ஊசியும் இல்லை, கட்டுறதுக்குத் துணியும் இல்லை. தோல் கறுத்துக்கொண்டு வாறதைப் பாத்துக்கொண்டு இருந்தனான்." அஞ்சலையின் கட்டைத் தொட்டுக் காட்டினார். "இஞ்ச என்னட்ட எல்லாம் இருக்குது. நீங்கள்தான் விடுறியள் இல்லை."

அஞ்சலை மெல்லக் கேட்டார். "நா செத்துட்டா அவர உட்ருவாங்களா டாக்டரையா?"

"இல்லை தங்கச்சி. அவரும் பிள்ளையும் மட்டும் கப்பலில போவினம்."

அதைச் சொன்னவிதத்தில் பயமுறுத்தலே இல்லை. அதனால்தான் அது உள்ளே இறங்கியது என்று நினைக்கிறேன். அஞ்சலை அதுவரை அழுது நான் பார்த்ததில்லை. அப்போது வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு, "அவர ஒருக்கா பாக்கணும்" என்றார்.

"அதுக்கு நான் பாக்கிறன். முதலில இதைத் திறப்பம்."

இனி ஊசி போதாது. அன்றே மயக்கம் கொடுத்து, வீக்கத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு சிறிய வெட்டுகள் வைத்தார். நீரோடு இரத்தக் கட்டிகளும் செத்த கொழுப்பும் வந்தன. கொதித்து ஆறிய உப்புநீரால், வெளியே வருவது தெளியும்வரை கழுவினோம். பழைய அறுவைக் கையுறையின் விரலை நீளவாக்கில் வெட்டி, மீதி நீர் வடிவதற்கு வெட்டுகளில் வைத்தார். அதற்குமேல் மறுபடி அந்த இறுக்கமான கட்டு. பென்சிலின் ஊசி தொடர்ந்து போனது. சில நாளில் காய்ச்சல் இறங்கியது. நடுவில் இருந்த தோல் மட்டும் பிழைக்கவில்லை. உள்ளங்கை அளவுக்குக் கறுத்து, ஓரம் தனியாகத் தெரிந்தது. டாக்டர் அதை வெட்டி எடுத்தார்.

மாரிமுத்துவைப் பார்க்க அனுமதி வாங்க டாக்டர் எத்தனை அலுவலகங்களுக்குப் போனார் என்று அவர் சொல்லவில்லை. ஒரு காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் நடுவே மாரிமுத்து வந்தார். மெலிந்த, உயரமான மனிதர். வார்டு வாசலில் கைவிலங்கைக் கழற்றினார்கள். நான் அப்போதுதான் கட்டைப் பிரித்து மருந்து மாற்றிக்கொண்டிருந்தேன். மூடப் போனேன்.

"இருக்கட்டும் மிஸ்ஸி. நா பாக்கணும்."

தோல் இல்லாத அந்தச் சிவந்த இடத்தைப் பார்த்தார். பிறகு கால்மாட்டில் உட்கார்ந்து அஞ்சலையின் பாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"எனக்காவயா இதச் செஞ்ச?"

"உங்களுக்காவன்னு யாரு சொன்னா? எனக்காவ. நா எங்கயும் வரல. அம்புட்டுதான்."

"எனக்கு மட்டும் போவணும்னு ஆசையா? எழுதிட்டாங்க, புள்ள. இந்தக் கப்பல் இல்லன்னா அடுத்த கப்பல். ஒங் காலப் பாத்தா நிறுத்திருவாங்க?"

அஞ்சலை பாதத்தை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவர் விடவில்லை.

"ஒன்னியத் தூக்கிட்டுப் போற மாதிரி வெக்காத. என் கையில பாப்பா இருக்கும். நீ நடந்து வரணும், அஞ்சல. எங்க போனாலும் நடந்து போவோம்."

போலீஸ்காரர்களில் ஒருவர் மலாய்க்காரர். நேரம் முடிந்தது என்று சொல்ல வந்தவர், ஜன்னல் பக்கம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பினார்.

அவர்கள் போனபின் அஞ்சலை என்னைக் கூப்பிட்டார். "இறுக்கிக் கட்டுங்க மிஸ்ஸி" என்றார்.

பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. இடது தொடையிலிருந்து அரிசிமணி அரிசிமணியாகத் தோலைக் கிள்ளி எடுத்து, அந்தச் சிவந்த இடத்தில் டாக்டர் நட்டார். நாற்று நடுவதுபோலத்தான் இருந்தது. சில நாள் கழித்துக் கட்டைத் திறந்து பார்த்தோம். பெரும்பாலானவை பிடித்திருந்தன. ஓரங்கள் ஒன்றையொன்று தேடி வளர்ந்து சேர்ந்தன. வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, முதலில் என் தோளைப் பிடித்து, பிறகு தடியோடு, பிறகு தடி இல்லாமல் அஞ்சலையை நடக்கவைத்தேன். லயத்துப் பெண்கள் பிள்ளையை அழைத்துவரும் நாளில் வேண்டுமென்றே இரண்டு நடை அதிகம் நடப்பார்.

பெரிய கிராணி மறுபடி வந்தார். இப்போது கப்பல் ஏறலாமா?

நான் டாக்டரிடம் கேட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு எழுதக் கூடாதா டாக்டர்? புதுத் தோல்தானே?"

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எழுதலாம். அதை நானும் யோசிச்சனான். நாளைக்கு இன்னொரு பெண்ணுக்கு 'ஏலாது' எண்டு எழுதினா, என்ர எழுத்தை யார் நம்புவினம்? அண்டைக்கு நான் 'ஏலாது' எண்டு சொன்னதை அவங்கள் நம்பினபடியாலதானே இவள் இண்டைக்கு உயிரோட இருக்கிறாள்?"

அவர் சொன்னது சரியா என்று இன்றைக்கும் நான் யோசிப்பதுண்டு. சில நாள் சரி என்று தோன்றும். சில நாள் அஞ்சலையின் முகம் ஞாபகம் வரும், அன்று தோன்றாது. டாக்டர் நாட்களைக் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. காயம் என்ன கேட்டதோ அதை எழுதினார்.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு என்னையும் ஆஸ்பத்திரி வண்டியில் கூட அனுப்பினார். ஒரு மூட்டையில் நெகிழும் துணியும் பஞ்சும் கட்டிக் கொடுத்திருந்தார். வழியெல்லாம் அஞ்சலைக்குக் கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனேன். பாதத்திலிருந்து ஆரம்பிக்கணும், ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றைப் பாதி மூடணும். அவர் தானே ஒருமுறை கட்டிக் காட்டினார். இறுக்கம் சரியாக இருந்தது.

மாரிமுத்து மகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார். அஞ்சலை என் கையைப் பிடித்தார். பிறகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கப்பல் படியில் கால் வைத்தார்.

தாதிக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் நடந்தாலும் நடையைத்தான் பார்ப்போம். நான் அதைத்தான் பார்த்தேன். குதிகால் முதலில் ஊன்றியது. முழங்கால் நன்றாக மடங்கியது. செங்குத்தான படியில் வலது கால் உடம்பின் முழுப் பாரத்தையும் தாங்கி மேலே தூக்கியது. துளிகூடச் சாய்வு இல்லை. 'நல்ல நடை' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அதற்குள் அவர் மேலே போய்விட்டார்.

மறுநாள் டாக்டர் வந்தார். வார்டில் அந்தக் கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தார்.

"எப்பிடி ஏறினவள்?" என்று கேட்டார்.

"தடி இல்லாம ஏறினாங்க டாக்டர். நொண்டவே இல்ல."

தலையை ஆட்டினார். புது நோயாளியின் கால்மாட்டில் போய் நின்றார். வழக்கத்தைவிட நெடுநேரம் கைகளைத் தேய்த்துக்கொண்டே நின்றிருந்தார்.